வெளிநாட்டில் மேற்படிப்பு: நம் கைக்கு எட்டுவது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் பி.இ., பி.எஸ்சி. முடித்துவிட்டு முதுகலைப் படிப்புக்கு வெளியே போக நினைப்பவர்களும் அவர்களுடைய பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. தங்கப் பதக்கம் வாங்கியவர்களுக்கும், பணம் ஒரு பிரச்சினையே இல்லாத வீடுகளுக்கும் இந்தப் பக்கம் தேவைப்படாது. ஏழு, ஏழரை சி.ஜி.பி.ஏ., ஒரு சொந்த வீடு, மாதச் சம்பளம் அல்லது சின்ன வியாபாரம் என்று இருக்கும் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. தொகைகளும் விதிகளும் 2025 இறுதி நிலவரப்படி. பணம் கட்டும் முன் அந்தந்த நாட்டுத் தூதரகத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்த நாட்டுக்குப் போனால் நல்லது?

இதைக் கடைசியில் கேட்க வேண்டும். முதலில் கேட்க வேண்டியது: படிப்பு முடிந்து அங்கே வேலை கிடைக்காமல் ஊர் திரும்பினால், சென்னையிலோ கோவையிலோ கிடைக்கும் சம்பளத்தில் கடன் தவணையைக் கட்ட முடியுமா? கட்ட முடியும் என்றால் எந்த நாடாக இருந்தாலும் யோசிக்கலாம். முடியாது என்றால் அது எவ்வளவு பெரிய பல்கலைக்கழகமாக இருந்தாலும் உங்களுக்கான இடம் இல்லை.

எல்லோரும் வேலை கிடைத்தால் என்ன சம்பளம் வரும் என்று கணக்குப் போடுகிறார்கள். கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போடுகிறவர்கள் குறைவு. கீழே உள்ள பதில்கள் எல்லாமே இந்த இரண்டாவது கணக்கிலிருந்துதான் வருகின்றன.

அந்தக் கணக்கை எப்படிப் போடுவது?

ஒரு வருட முதுகலைக்கு 40 லட்சம் கடன், வட்டி 11 சதவீதம் என்று வைப்போம். படிக்கும் ஒரு வருடமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டாம் என்று வங்கி சொல்லும். ஆனால் வட்டி அந்த இரண்டு வருடமும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். தனி வட்டியாகப் பார்த்தாலே ஏறக்குறைய 8.8 லட்சம். ஆக, தவணை தொடங்கும்போது கடன் 48.8 லட்சம். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 67,000 ரூபாய் கட்ட வேண்டும்.

இதே கணக்கை 15 லட்சம் கடனுக்குப் போட்டால் மாதம் 25,000 ரூபாய் சுமாருக்கு வரும். முதல் தொகையை நம் ஊர்ச் சம்பளத்தில் ஒருவர் கட்டுவது ரொம்பக் கஷ்டம். இரண்டாவதை இழுத்துப் பிடித்துக் கட்டிவிடலாம்.

இன்னொன்று, கடன் ரூபாயில், செலவு அந்நியச் செலாவணியில். 2025 தொடக்கத்தில் 90 ரூபாயை ஒட்டி இருந்த யூரோ அந்த ஆகஸ்டுக்குள் 100-ஐத் தாண்டிவிட்டது. போட்ட பட்ஜெட்டுக்கு மேல் பத்து, பதினைந்து சதவீதம் கையில் இல்லாமல் கிளம்பாதீர்கள்.

ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது. ஒவ்வொரு செமஸ்டருக்கும் ஒரு சிறு பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. ஊரைப் பொறுத்து 100 முதல் 400 யூரோ வரை இருக்கும், பல இடங்களில் பஸ், ரயில் பாஸும் அதிலேயே அடங்கிவிடும்.

விதிவிலக்குகளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஃப்ரைபுர்க் ஆகிய ஊர்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலம், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024 குளிர்கால செமஸ்டரிலிருந்து முதுகலைக்கு, ஒவ்வொரு செமஸ்டருக்கும் 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கத் தொடங்கியது. கட்டணம் இல்லாத பல்கலைக்கழகத்திலேயே சில ஆங்கிலவழிப் படிப்புகளுக்கு மட்டும் தனிக் கட்டணம் இருக்கும். ஆகவே பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் பார்க்காமல், அந்தப் படிப்பின் பக்கத்தைத் திறந்து பாருங்கள்.

அப்புறம் வாழ்க்கைச் செலவு. வீசாவுக்கு முன்பே பிளாக்டு அக்கவுண்டில் ஒரு வருடத்துக்கான 11,904 யூரோவைப் போட்டுக் காட்ட வேண்டும். அங்கே போன பிறகு மாதம் 992 யூரோ வீதம் நமக்கே திரும்ப வரும். வீசா மறுக்கப்பட்டால் கணக்கை மூடிப் பணத்தை எடுத்துக்கொள்ளலாம். ரூபாயில் சுமார் 12 லட்சம். முதல் வருடத்துக்கு இதுதான் பெரிய செலவு. மாணவர் மருத்துவக் காப்பீடு மட்டும் இதில் மாதம் நூற்றுச் சொச்சம் யூரோவைத் தின்றுவிடும். மியூனிக்கில் அறை வாடகைக்கே 992 யூரோவில் பெரும்பகுதி போய்விடும். கெம்னிட்ஸ், மாக்டபுர்க் போன்ற கிழக்குப் பகுதி ஊர்களில் அதே தொகையில் ஓரளவு நிம்மதியாக மாதத்தை ஓட்டலாம்.

இன்னொரு செலவு ஏ.பி.எஸ். சான்றிதழ். இந்தியாவில் வாங்கிய சான்றிதழ்கள் உண்மையானவைதானா என்று சரிபார்த்துத் தரும் ஆவணம் அது. 2022 நவம்பர் முதல் இந்திய மாணவர்களுக்குக் கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய். இது கைக்கு வர வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில்கூட ஆகும். முதல் வேலையாக இதற்கு விண்ணப்பித்துவிடுங்கள்.

என் சி.ஜி.பி.ஏ. 7.2. நாலு அரியர் இருந்தது, எல்லாம் முடித்துவிட்டேன். ஜெர்மனியில் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் எல்லா இடத்திலும் இல்லை. ஜெர்மனியில் 1 என்பது மிக நல்ல மதிப்பெண், 4 என்பது வெறும் தேர்ச்சி. நம் மதிப்பெண்ணை அவர்களுடைய அளவுக்கு மாற்ற பவேரிய சூத்திரம் என்று ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழியுங்கள். அதை, அதிகபட்சத்துக்கும் குறைந்தபட்சத் தேர்ச்சிக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். மூன்றால் பெருக்கி ஒன்றைக் கூட்டுங்கள்.

உங்கள் பல்கலைக்கழகத்தில் தேர்ச்சிக்கான குறைந்தபட்சப் புள்ளி 5 என்றால், 7.2 என்பது 2.7 ஆகிறது. தேர்ச்சி 4 என்றால் அதே 7.2 வெறும் 2.4. தேர்ச்சி 6 என்றால் 3.1. ஒரே சி.ஜி.பி.ஏ., ஆனால் மார்க் ஷீட்டின் பின்பக்கத்தில் இருக்கும் கிரேடு அட்டவணையைப் பொறுத்து மூன்று விதமான முடிவு. அதனால்தான் "அவனுக்கு 7.2-லேயே கிடைத்தது" என்று வேறு கல்லூரி நண்பரைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. பல படிப்புகள் 2.5 வரை மட்டும் ஏற்கின்றன. தேர்ச்சி 5 என்ற அளவில் அதற்கு 7.5 வேண்டும். வரம்பே வைக்காத படிப்புகளும் உண்டு, 3.0 வரை ஏற்பவையும் உண்டு. 7.2-காரர் தேட வேண்டியது அங்கேதான்.

மதிப்பெண்ணைவிடப் பெரிய தடை ஒன்று இருக்கிறது. பாடப் பொருத்தம். நீங்கள் இளங்கலையில் படித்த கணிதம், புரோகிராமிங், எலெக்ட்ரானிக்ஸ் ஆகியவற்றின் கிரெடிட்டைத் தனித்தனியாக எண்ணிப் பார்ப்பார்கள். மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஆன்லைனில் பைத்தான் கற்றவர் கம்ப்யூட்டர் சயின்ஸ் முதுகலைக்கு விண்ணப்பித்தால், சி.ஜி.பி.ஏ. ஒன்பது இருந்தாலும் மறுத்துவிடலாம். துறை மாற நினைப்பவர்களுக்கு ஜெர்மனி கடினமான இடம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் துறை மாறுபவர்களுக்கென்றே கன்வர்ஷன் முதுகலைகள் இருக்கின்றன.

அரியரைப் பொறுத்தவரை, முடித்துவிட்டால் பெரும்பாலான இடங்களில் அது தனியாக ஒரு தடை இல்லை. ஏன் வந்தது என்று எஸ்.ஓ.பி. என்னும் நோக்க அறிக்கையில் ஒரு பத்தி அழுது வடிக்கவும் வேண்டாம்.

ஜெர்மன் மொழி தெரியாமல் போகலாமா?

படிக்கப் போகலாம். வேலைக்கு மொழி வேண்டும். படிப்பு முடிந்த பின் வேலை தேட 18 மாத அனுமதி தருகிறார்கள், அது தாராளமான கால அளவுதான். ஆனால் பெரிய நகரங்களின் ஐ.டி. வேலைகளை விட்டால் மெக்கானிக்கல், சிவில், எலெக்ட்ரிக்கல் வேலைகளில் பி1, பி2 என்னும் இடைநிலை அளவு ஜெர்மன் கேட்பார்கள். படிப்பு நடக்கும்போது அதையும் சேர்த்துக் கற்பது எல்லோருக்கும் முடிவதில்லை. இங்கே இருக்கும்போதே ஏ2 என்னும் அடிப்படை நிலையை முடித்துவிட்டுக் கிளம்புவதுதான் என் சிபாரிசு. சென்னையில் கோத்தே இன்ஸ்டிடியூட் இருக்கிறது, ஆன்லைன் வகுப்புகளும் நிறைய உண்டு.

மகள் பிளஸ் டூ முடிக்கிறாள். நேராக அங்கேயே டிகிரி சேர்க்கலாமா?

ஜெர்மனியில் பொதுவாக நம் பிளஸ் டூ மட்டும் நேரடிச் சேர்க்கைக்குப் போதாது. ஸ்டுடியன்கோலெக் என்னும் ஒரு வருட முன்தயாரிப்புப் படிப்பு முடிக்க வேண்டும், அதற்கு நுழைவுத் தேர்வும் ஜெர்மன் மொழியும் தேவை. ஜே.இ.இ. அட்வான்ஸ்டில் தேறியவர்களுக்கும், இங்கே அங்கீகரிக்கப்பட்ட கல்லூரியில் ஒரு வருடம் வெற்றிகரமாக முடித்தவர்களுக்கும் அதே துறையில் நேரடி வழி உண்டு. ஆங்கிலம் பேசும் நாடுகளில் பிளஸ் டூவுக்கே இடம் கிடைக்கும், ஆனால் மூன்று, நான்கு வருடக் கட்டணம். சொத்து விற்காமல் அதைத் தாங்கும் வீடுகள் குறைவு. இளங்கலையை இங்கே நல்ல கல்லூரியில் முடித்துவிட்டு முதுகலைக்கு அனுப்புவதுதான் பெரும்பாலான குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகும்.

பிரிட்டனில் ஒரே வருடத்தில் முடிகிறதே?

அதுதான் அதன் பலம், பலவீனமும் அதுவே. செப்டம்பரில் போய் இறங்கி, வழி தெரிந்து, முதல் தேர்வு எழுதுவதற்குள் நல்ல கம்பெனிகளின் பட்டதாரி வேலை விண்ணப்பங்கள் பலவும் மூடிவிடும். போய் இறங்கிய மாதத்திலேயே வேலை தேடத் தொடங்காதவர்களுக்குக் காலம் போதுவதில்லை.

படிப்புக்குப் பின் தங்கும் கிராஜுவேட் வீசா இப்போது இரண்டு வருடம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிப்பவர்களுக்கு அது 18 மாதமாகக் குறைகிறது. 2026 செப்டம்பரில் சேருபவர் படிப்பை முடிப்பது 2027-ல், ஆகவே அவருக்கு 18 மாதம்தான். இரண்டு வருடம் என்று இன்னமும் சொல்லும் ஏஜெண்டிடம் இந்தத் தேதியைக் கேட்டுப் பாருங்கள். 2024 ஜனவரி முதல் வகுப்பறை வழி முதுகலைக்குப் போகிறவர்கள் கணவனையோ மனைவியையோ சார்ந்தோர் வீசாவில் அழைத்துப் போகவும் முடியாது.

பணம் காட்டும் விதி: மீதிக் கல்விக் கட்டணத்தோடு, லண்டனுக்கு மாதம் 1,529 பவுண்டு, வெளியூருக்கு 1,171 பவுண்டு வீதம் ஒன்பது மாதத்துக்கு வங்கியில் இருக்க வேண்டும். தொடர்ந்து 28 நாள், ஒரு நாள்கூட அந்தத் தொகைக்குக் கீழே இறங்கக் கூடாது. இந்த 28 நாள் விதியில் சறுக்கி வீசா இழப்பவர்கள் இருக்கிறார்கள். இடையில் யாரோ அவசரத்துக்கு அந்தக் கணக்கிலிருந்து பத்தாயிரம் எடுத்துவிடுவார்கள்.

இரண்டு, மூன்று வருடம் வேலை பார்த்துவிட்டுக் குறிப்பிட்ட ஒரு திறனுக்காகப் போகிறவர்களுக்கு பிரிட்டன் நல்ல தேர்வு. படித்து முடித்த கையோடு, நிறையக் கடனோடு போகிறவர்களுக்கு நான் பரிந்துரைப்பதில்லை.

அமெரிக்கா இன்னும் வொர்த்தா?

பணமும் மதிப்பெண்ணும் இருப்பவர்களுக்கு. இரண்டு வருட எம்.எஸ்.ஸுக்குக் கட்டணமும் செலவும் சேர்த்துப் பல இடங்களில் 50 லட்சத்தைத் தாண்டிவிடும். பட்டத்துக்குப் பின் 12 மாதம் ஓ.பி.டி. என்னும் வேலை அனுமதி; அறிவியல், பொறியியல் துறைகளுக்கு மேலும் 24 மாத நீட்டிப்பு. ஆக மூன்று வருடம் வேலை பார்க்கலாம், கடனில் பெரும்பகுதியை அதிலேயே அடைப்பவர்கள் உண்டு. அதற்குப் பிறகு எச்-1பி வேலை வீசா. வருடத்துக்கு 85,000 இடங்கள், அதற்குமேல் விண்ணப்பங்கள் வந்தால் குலுக்கல். 2025 செப்டம்பரில் வெளிநாட்டிலிருந்து வரும் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு லட்சம் டாலர் கட்டணம் என்று அறிவித்ததும் பலர் பதறிப்போனார்கள். அங்கேயே மாணவர் வீசாவில் இருந்து மாறுபவர்களுக்கு அது பொருந்தாது என்று பின்னர் விளக்கம் தந்தார்கள். ஆனால் ஒரு நாட்டின் விதி இத்தனை வேகமாக மாறும்போது, மூன்று வருடத்துக்குப் பிந்தைய வருமானத்தை நம்பி இன்று வீட்டை அடமானம் வைப்பது சரியா என்பதை வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்.

கனடாவில் காலேஜ் டிப்ளமோ போட்டால் பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) கிடைக்கும் என்கிறார்களே?

அது பழைய கதை. 2024 ஜனவரியில் மாணவர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு வந்தது. அந்த ஆண்டு நவம்பரில் விரைவு வீசாத் திட்டமான எஸ்.டி.எஸ். நிறுத்தப்பட்டது. காலேஜ் டிப்ளமோக்களில் குறிப்பிட்ட துறைகளில் படித்தால்தான் படிப்புக்குப் பிந்தைய வேலை அனுமதி என்று விதி வந்தது. காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுத் தொகை 2025 செப்டம்பர் முதல் 22,895 கனடிய டாலர், கல்விக் கட்டணம் தனி. அரசுப் பல்கலைக்கழக முதுகலை என்றால் நிலைமை வேறு. அதற்கு இன்னமும் மூன்று வருட வேலை அனுமதி வரை கிடைக்கிறது. பி.இ. முடித்தவர் அங்கே போய் டிப்ளமோ படிப்பதில் எனக்கு ஒருபோதும் நியாயம் தெரிந்ததில்லை.

ஆஸ்திரேலியா, அயர்லாந்து?

ஆஸ்திரேலியா: விலை அதிகம். வீசாக் கட்டணமே 2,000 ஆஸ்திரேலிய டாலர், மறுத்தால் திரும்ப வராது. வாழ்க்கைச் செலவுக்கு 29,710 டாலர் காட்ட வேண்டும். இந்தியாவுடன் உள்ள வர்த்தக ஒப்பந்தத்தால் முதுகலை முடித்த இந்தியர்கள் மூன்று வருடம் தங்கலாம் என்பது நல்ல விஷயம். அயர்லாந்து: ஒரு வருட முதுகலை, அதன்பின் இரண்டு வருடம். பெரிய ஐ.டி., மருந்து நிறுவனங்கள் இருக்கின்றன. டப்ளினில் வீடு கிடைப்பதுதான் தலைவலி. கார்க், லிமரிக், கால்வே பக்கமும் பாருங்கள்.

ரேங்கிங் எவ்வளவு முக்கியம்?

உதவித்தொகைத் திட்டம் ரேங்கிங் கேட்டால் முக்கியம். மற்றபடி முதல் ஐம்பதுக்குள் இல்லாத பல்கலைக்கழகங்களில் 210-க்கும் 340-க்கும் வேலை கொடுப்பவர் வித்தியாசம் பார்ப்பதில்லை. உங்கள் துறைக் கம்பெனிகள் அந்த ஊரைச் சுற்றி இருக்கின்றனவா என்று பாருங்கள்.

கன்சல்டன்சி இல்லாமல் விண்ணப்பிக்க முடியுமா?

முடியும். இலவச கன்சல்டன்சிக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் விளங்கிவிடும். மாணவரைச் சேர்த்துவிட்டதற்குப் பல்கலைக்கழகம் கமிஷன் தருகிறது. கட்டணம் வாங்கும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, கனடா நிறுவனங்கள் தரும். கட்டணமே வாங்காத ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகம் எதிலிருந்து தரும்? அதனால் ஜெர்மனி என்று கேட்டுப் போகிறவரை, வருடத்துக்குப் பத்து லட்சத்துக்கு மேல் கட்டணம் வாங்கும் ஜெர்மன் தனியார் நிறுவனத்தின் பக்கம் திருப்புவார்கள். "ஜி.ஆர்.இ. வேண்டாம், ஐ.இ.எல்.டி.எஸ். வேண்டாம், ஒரே வாரத்தில் ஆஃபர் லெட்டர்" என்றால் அது பெரும்பாலும் இந்த வகைதான். தனியார் என்றாலே மோசம் என்று சொல்லவில்லை. அரசுப் பல்கலைக்கழகம் என்று நினைத்துக்கொண்டு யாரும் அங்கே போய்ச் சேரக் கூடாது, அவ்வளவுதான்.

ஜெர்மனிக்கு, டாட் (DAAD) என்னும் ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் இணையதளத்தில் எல்லாப் படிப்புகளையும் கட்டணம், மொழி, கடைசித் தேதியோடு தேடலாம். பல விண்ணப்பங்கள், பல்கலைக்கழகங்களுக்காகச் சான்றிதழ்களைச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் என்னும் பொது அமைப்பு வழியாகப் போகும். முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோ, அதன்பின் ஒவ்வொன்றுக்கும் 30. கணினியில் படிவம் நிரப்பத் தெரிந்த யாரும் செய்துவிடக்கூடிய வேலை. பணம் வாங்கிக்கொண்டு விண்ணப்பம் போட்டுத் தருபவரிடம் போனால், விண்ணப்பக் கணக்கின் பாஸ்வேர்டும் மின்னஞ்சலும் உங்கள் கையில் இருக்கட்டும்.

"ஃபண்ட் நாங்களே காட்டிக்கொடுக்கிறோம்" என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். போலி ஆவணம் என்று தெரிந்தால் வீசா மறுப்போடு நிற்காது, வருடக்கணக்கில் தடை விழும்.

பார்ட் டைம் வேலை பார்த்துப் படிப்புச் செலவைச் சமாளிக்கலாமா?

சாப்பாட்டுச் செலவைச் சமாளிக்கலாம், கல்விக் கட்டணத்தை முடியாது. ஜெர்மனியில் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை செய்ய அனுமதி. குறைந்தபட்சக் கூலி 2026 ஜனவரி முதல் மணிக்கு 13.90 யூரோ. பிரிட்டனில் படிப்புக் காலத்தில் வாரம் 20 மணி நேரம், கனடாவில் 24, ஆஸ்திரேலியாவில் இரண்டு வாரத்துக்கு 48. அமெரிக்காவில் வளாகத்துக்குள் மட்டும் 20. முதல் மூன்று, நான்கு மாதம் வேலையே கிடைக்காது என்று வைத்துப் பட்ஜெட் போடுங்கள். அனுமதிக்கு மேல் கையில் காசு வாங்கிக்கொண்டு வேலை செய்தால் வீசாவே போய்விடும்.

உதவித்தொகை கிடைக்குமா?

சிலருக்கு நிச்சயம் வழி இருக்கிறது, தெரியாமலே விட்டுவிடுகிறார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குத் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டம் இருக்கிறது, குடும்ப வருமானத்தைப் பொறுத்து ஆண்டுக்கு 36 லட்சம் ரூபாய் வரை. ஒன்றிய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகையும் உண்டு. அதற்குக் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 8 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இவற்றுக்குத் தகுதி இருந்தால் இந்தப் பக்கத்தின் மேலே இருக்கும் பணக் கணக்கையெல்லாம் ஓரமாக வைத்துவிட்டு, முதலில் பெரிய பல்கலைக்கழகங்களில் அட்மிஷன் வாங்கப் பாருங்கள்.

எல்லோருக்கும் திறந்திருப்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை. கல்விக் கட்டணம் முழுவதும் போக மாதம் 1,400 யூரோ. போட்டி கடுமை, ஆனால் விண்ணப்பிக்கப் பணம் செலவில்லை. பிரிட்டனின் சீவ்னிங்குக்கு இரண்டு வருட வேலை அனுபவம் வேண்டும், படித்தபின் இரண்டு வருடம் நாடு திரும்பி இருக்க வேண்டும். பல்கலைக்கழகம் ஆஃபர் லெட்டரோடு தரும் "4,000 பவுண்டு ஸ்காலர்ஷிப்" பெரும்பாலும் எல்லோருக்கும் தரும் தள்ளுபடி. அதைப் பார்த்து மனம் மாறாதீர்கள்.

கடனுக்கு வங்கி என்ன கேட்கும்? எங்களிடம் நிலம்தான் இருக்கிறது.

பொதுத்துறை வங்கிகளில் பொதுவாக 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்து ஜாமீன் கேட்பார்கள். வட்டி குறைவு என்பதால் முதலில் இங்கேதான் போக வேண்டும். விவசாய நிலத்தை அடமானமாகப் பெரும்பாலும் ஏற்க மாட்டார்கள், கடன் வாராக்கடனானால் அதை எளிதில் ஜப்தி செய்ய முடியாது என்பதுதான் காரணம். பஞ்சாயத்து அங்கீகாரம் மட்டும் உள்ள மனைகளிலும் சிக்கல் வரும், சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. அங்கீகாரம் கேட்பார்கள். மூலப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று எல்லாம் யார் பெயரில் இருக்கின்றன என்று இப்போதே பாருங்கள். தாத்தா பெயரிலேயே பட்டா இருந்து, சித்தப்பா கையெழுத்துப் போட மறுத்து, ஒரு செமஸ்டர் தள்ளிப்போன குடும்பங்கள் நிறைய.

சொத்து இல்லாமல் கடன் தரும் தனியார் நிதி நிறுவனங்களில் வட்டி கூடுதல், படிக்கும்போதே வட்டி கட்டச் சொல்பவையும் உண்டு. பழைய வருமான வரி முறையில் இருந்தால் கல்விக் கடன் வட்டிக்கு 80இ பிரிவில் எட்டு வருடம் விலக்கு. 2025 ஏப்ரல் முதல் கல்விக் கடனில் அனுப்பும் பணத்துக்கு டி.சி.எஸ். என்னும் முன்கூட்டிய வரிப் பிடித்தமும் கிடையாது.

நீட் மதிப்பெண் குறைவு. வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். போகலாமா?

இது தனிப் பக்கமே எழுத வேண்டிய விஷயம், சுருக்கமாகச் சொல்கிறேன். நீட் தகுதி இல்லாமல் போனால் இங்கே திரும்பி வந்து டாக்டராகப் பதிவு செய்ய முடியாது. 2021 நவம்பரில் வந்த விதிப்படி, படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கிலவழி, அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சி, அந்த நாட்டிலேயே மருத்துவராகத் தொழில் செய்யும் தகுதி, திரும்பி வந்து இங்கே மறுபடியும் 12 மாதப் பயிற்சி. இவற்றில் ஒன்று குறைந்தாலும் பட்டம் செல்லாது. இதோடு, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே எழுத வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு. அதில் எழுதுபவர்களில் பெரும்பான்மையோர் ஒவ்வொரு முறையும் தேறுவதில்லை. "மொத்தம் 25 லட்சம்தான்" என்று சொல்பவரிடம் அந்தக் கல்லூரியிலிருந்து எத்தனை பேர் இந்தத் தேர்வில் தேறினார்கள் என்று கேளுங்கள்.

பாஸ்போர்ட்டில் என் பெயர் ஒரு மாதிரி, மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி இருக்கிறது. பிரச்சினையா?

நம் ஊர் இனிஷியலால் வரும் தொந்தரவு இது. மார்க் ஷீட்டில் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிவாக, ஆதாரில் மூன்றாவது விதம். முழுப் பெயரும் ஒரே கட்டத்தில் இருந்து, குடும்பப் பெயர் காலியாக இருந்தால் அமெரிக்க வீசாவில் முதற்பெயர் இடத்தில் எஃப்.என்.யு. (முதற்பெயர் தெரியவில்லை) என்று விழுந்துவிடும். விண்ணப்பம் போடும் முன்பே பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள். எல்லா விண்ணப்பத்திலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.

எத்தனை இடத்துக்கு விண்ணப்பிக்கலாம்? எப்போது தொடங்குவது?

ஆறிலிருந்து எட்டு போதும். இரண்டு ஆசைக்கு, மூன்று நான்கு உங்கள் மதிப்பெண்ணுக்குச் சரியாகப் பொருந்துவது, இரண்டு நிச்சயம் கிடைப்பது. நிச்சயம் கிடைக்கும் அந்த இரண்டும் நீங்கள் உண்மையிலேயே போகத் தயாரான இடங்களாக இருக்கட்டும். போக மனமில்லாத இடத்துக்கு விண்ணப்பக் கட்டணம் எதற்கு?

ஜெர்மன் குளிர்கால செமஸ்டருக்கு ஜூலை 15 பொதுவான கடைசித் தேதி என்றாலும், வெளிநாட்டவருக்கு மார்ச், மே மாதங்களிலேயே மூடும் படிப்புகள் நிறைய. அதனால் முந்தைய ஆண்டு ஆகஸ்டில் டிரான்ஸ்கிரிப்ட், ஏ.பி.எஸ்., ஐ.இ.எல்.டி.எஸ். வேலைகளைத் தொடங்க வேண்டும். ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு வருடம் செல்லும், ஜி.ஆர்.இ. ஐந்து வருடம். பரிந்துரைக் கடிதத்துக்குப் பேராசிரியரைக் கல்லூரியில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பிறகு போனால் அவர் வேறு கல்லூரிக்கு மாறியிருப்பார்.

இப்போதே போவதா, ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போவதா?

கேம்பஸில் ஏதாவது வேலை கிடைத்திருந்தால் சேருங்கள். சம்பளம் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை. ஐ.இ.எல்.டி.எஸ்., ஏ.பி.எஸ்., விண்ணப்பக் கட்டணம், விமான டிக்கெட் எல்லாம் சேர்த்து இரண்டு லட்சத்தை நெருங்கும், அதை நீங்களே சம்பாதித்துவிடலாம். பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வேலை கொடுப்பவர் முதலில் பார்ப்பது முன் அனுபவத்தைத்தான். படிப்பு முடிந்து மூன்று, நான்கு வருடம் எந்த வேலையும் இல்லாமல் இருந்தால்தான் வீசா அதிகாரி கேள்வி கேட்பார், வேலை பார்த்த வருடங்களை யாரும் குறையாக எடுத்துக்கொள்வதில்லை. அரியர் பாக்கி இருப்பவர்களுக்கு மட்டும் வேறு பதில்: முதலில் அதை முடியுங்கள். முழுப் பட்டச் சான்றிதழ் இல்லாமல் கண்டிஷனல் ஆஃபரை நம்பிக் கடன் கணக்குத் தொடங்கினால், நவம்பர் தேர்வு முடிவு தள்ளிப்போகும் ஒவ்வொரு வாரமும் உங்களுக்குத்தான் நஷ்டம்.